சிவப்புக் கேலிப்பர் எக்ஸ்பிரஸ்

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. பெயர் சடையப்பன். மலைமேட்டிலிருந்து அடிவாரச் சந்தைக்கு ஷேர் வேன் ஓட்டிப் பிழைத்துவந்தான். வழியில் யார் கை காட்டினாலும் நிறுத்துவான். வேன் பழையதுதான், ஆனால் பிரேக்கை மிதித்தால் நின்றுவிடும். அந்தக் காட்டில் அப்போதெல்லாம் ஒரு வண்டியிடம் யாரும் அதற்குமேல் எதிர்பார்த்ததில்லை.

ஒருநாள் சந்தையில் அவனுடைய வேனுக்குப் பக்கத்தில் சிறுத்தை சிற்றரசு தன் புதுக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். சக்கரத்தின் இடுக்கு வழியாகச் செக்கச்செவேல் என்று ஏதோ தெரிந்தது.

"ஐயா, சக்கரத்துக்குள்ள செவப்பா இருக்கே, அது என்னங்க?" என்று கேட்டான் சடையப்பன்.

"கேலிப்பர். சக்கரத்தோட சேர்ந்து சுத்துற தட்டை இறுக்கிப் பிடிச்சு வண்டியை நிறுத்துறது அதுதான். உன் வண்டியிலயும் இருக்கும், குனிஞ்சு பாரு."

சடையப்பன் குனிந்து பார்த்தான். நாலு மழைக்காலம் கிணற்றில் கிடந்த பூட்டு மாதிரி ஒன்று தெரிந்தது. அப்படியே வேனுக்கு அடியிலும் பார்வையை ஓட்டினான். சேறும் துருவும் போட்டி போட்டுக்கொண்டு பிடித்திருந்தன.

"பார்த்துட்டியா? வெளிய சொல்லிக்காதே" என்றார் சிற்றரசு.

அன்றைக்குச் சடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருடம் இந்த அசிங்கத்தின் மேலேயா உட்கார்ந்து ஊர்போய் வந்தோம் என்று இருந்தது. போனை எடுத்துத் தேடினான். வீட்டிலேயே கேலிப்பருக்குப் பெயிண்ட் அடிப்பது எப்படி என்று ஒரு மயில் தோகையை விரித்தபடி விளக்கிக்கொண்டிருந்தது. "துருவைக் கம்பி பிரஷ் போட்டுத் தேயுங்க. தட்டு மேல டேப் ஒட்டி மறைச்சிடுங்க. அதுல ஒரு சொட்டு பெயிண்டும் படக்கூடாது." வீடியோவில் இந்த இடத்தைச் சடையப்பன் ஓட்டித் தள்ளிவிட்டான். யாராவது பொறுமையாகப் பேச ஆரம்பித்தாலே அது விளம்பரம் என்பது அவன் அனுபவம்.

மறுநாள் வாசலில் வேனை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரங்களைக் கழற்றி, வேலையில் இறங்கினான். கேலிப்பருக்குச் சிவப்பு. பிரஷ் கொஞ்சம் வழுக்கியதில் தட்டுக்கும் சிவப்பு. அவன் மனைவி தேனம்மாள் அரிசி களைந்த தண்ணீரைக் கொட்ட வந்தவள், நின்று பார்த்தாள்.

"ஏங்க, அந்தத் தட்டைப் பிடிச்சுத்தானே வண்டி நிக்குது? அதுமேலயும் அடிக்கிறீங்க?"

"பாதி செவப்பு, பாதி துருன்னா பார்க்கிறவங்க என்ன நெனப்பாங்க?"

"வண்டி நிக்கலன்னா என்ன நெனப்பாங்க?"

"உனக்கு அழகுணர்ச்சி கம்மி தேனு" என்றான் சடையப்பன், வருத்தத்தோடு.

பிறகு மல்லாந்து படுத்து வேனுக்கு அடியில் நுழைந்தான். சேற்றைச் சுரண்ட ஆரம்பித்தால் பொழுது போய்விடும் என்று அதன் மேலேயே கறுப்புப் பெயிண்டைப் பூசினான். ஓரிடத்தில் இரும்பு போய் வெறும் துரு மட்டும் மிச்சமிருந்தது. அதற்கு இரண்டு கை கூடுதலாக அடித்தான். எல்லாம் காய்ந்தபின் பளபளப்புக்காகக் கேலிப்பர், தட்டு இரண்டிலும் தேங்காயெண்ணெய் தடவினான். வேன் கல்யாண மாப்பிள்ளை போல ஆகிவிட்டது.

அடுத்த சந்தை நாளில் தேனம்மாளும் வேனில் ஏறினாள். முள்ளம்பன்றி ஒன்றும் முயல் குடும்பமும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். முதல் நிறுத்தத்தில் ஒரு கிழட்டு மந்தி கை காட்டியது. சடையப்பன் பிரேக்கை மிதித்தான். வேன் போய்க்கொண்டே இருந்தது. இன்னும் அழுத்தி மிதித்தான். இறக்கம் வந்தது. வேன் உற்சாகமாகிவிட்டது.

"ஏங்க" என்றாள் தேனம்மாள்.

"தெரியுது" என்றான் சடையப்பன். பின்சீட்டில் முள்ளம்பன்றி பயத்தில் சிலிர்த்துக்கொள்ள, முயல்கள் எல்லாம் முன்சீட்டுக்கு வந்து சேர்ந்தன. வேன் சந்தைக்குள் நுழைந்து, தக்காளிக் கூடைகளைத் தாண்டி, கடைசியில் இருந்த எருமைக் குட்டைச் சேற்றில் மூக்கைச் செருகி நின்றது.

சடையப்பன் தேனம்மாளின் கையைப் பிடித்து வெளியே இழுத்தான். யாருக்கும் பெரிய காயம் இல்லை. ஆனால் கூட்டம் கூடிவிட்டது. காட்டு மன்றத் தலைவர் யானையும் வந்துகொண்டிருந்தார். பிழைப்பு போயிற்று என்று நினைத்து, மன்னிப்புக் கேட்கச் சடையப்பன் வாயைத் திறந்தான்.

அதற்குள் பெரிய முயல் சூரியனை அண்ணாந்து பார்த்தது. "இன்னும் வெயில்கூட ஏறல. அதுக்குள்ள வந்துட்டமா?"

"வழியில எங்கயுமே நிக்கலயே" என்றது முள்ளம்பன்றி. குரலில் ஒரு பெருமை வந்திருந்தது.

தலைவர் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். "செவப்பா இருக்கு. புது டெக்னாலஜியா?"

சடையப்பன் தேனம்மாளைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"ஆமாங்க ஐயா" என்றான் சடையப்பன்.

அந்த வாரமே வேனின் நெற்றியில் 'எக்ஸ்பிரஸ்' என்று எழுதினார்கள். இடம் பிடிக்க விடியலிலேயே வரிசை நின்றது. நடுவில் இறங்க வேண்டியவர்களுக்காக, 'தங்கள் நிறுத்தம் வருமுன் குதித்துக்கொள்ளவும்' என்று கதவில் ஒரு வாசகம் சேர்த்தார்கள். ஒழுங்காக நிறுத்தி ஓட்டிக்கொண்டிருந்த காட்டெருமை மருதையனின் வேனில் ஈ மட்டும்தான் ஏறியது. சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் சடையப்பன் வீட்டுக்கு வந்தார்.

"மாப்ள, எந்த எண்ணெய்னு மட்டும் சொல்லிடு" என்றார்.

தேனம்மாள் மட்டும் சந்தைக்கு நடந்தே போனாள். வளர்ச்சி பிடிக்காதவள் என்று அவளைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் அவள் சந்தையை அடைந்தபோது எருமைக் குட்டையைச் சுற்றிப் பந்தல் போட்டிருந்தது. தலைவர் ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தார். சடையப்பன் கழுத்தில் மாலை, இடுப்புவரை சேறு. எருமைகளை அங்கிருந்து கிளப்பிவிட்டு, குட்டையின் நடுவில் பெரிய பலகை ஒன்று நட்டிருந்தார்கள்: 'மத்தியப் பேருந்து நிலையம்.'

நீதி: பிரேக் பிடிக்கவில்லையா? மெக்கானிக்கிடம் போகாதே. வண்டி எங்கே போய் மோதுகிறதோ, அங்கே நிலையம் கட்டு.