நாய்ச்சாப்பாட்டு வரிசைக்குள் பாய்ந்த ஜாகுவார்

ஜாகுவார்கள் எல்லாம் தென்னமெரிக்கக் காடுகளில்தான் திரிகின்றன என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒன்று மெல்பேர்ணில், கிரெய்கிபர்னில், மஞ்சள் பாதுகாப்புச் சட்டை போட்டுக்கொண்டு வெயார்ஹவுஸில் பெட்டி அடுக்கியது. நான் கண்கண்ட சாட்சி.

சொந்தப் பெயர் என்னவோ, எங்களுக்கு அவர் ஜாகுவார் அண்ணை. என்னைவிட இரண்டு வயது இளையவர், ஆனாலும் அண்ணை. சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் ஊருக்குப் போன் எடுக்க, அவர் தன் போனில் ஜாகுவார் வேட்டை பார்ப்பார். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாலும் பரவாயில்லை. எங்களுக்குப் பிரசங்கமும் வைப்பார்.

“ஐசே, ஜாகுவார் வீரன் இல்லை, விவேகி. காட்டுப்பண்டிக் கூட்டம் வந்தால் மரத்திலை ஏறியிடும். காயம் பட்டுதெண்டால் பிறகு வேட்டை இல்லை, பட்டினிதான். ஆமை கிடைச்சால் ஆமை. வெக்கம் ரோசம் ஒண்டும் பாக்காது.”

“அப்ப முதலையையும் பிடிக்குதே?” என்றேன்.

“ஓம், பிடிக்கும். வாய் இருக்கிற பக்கம் போகாது. பின்னாலை வந்து பிடரியிலை ஒரே கடி!”

இந்தச் சாத்திரத்தை அவர் எங்கும் பிரயோகிப்பார். பிறந்தநாள் விழாக்களில் சனம் ரோல்ஸ் தட்டை மொய்க்கும்போது, வெள்ளைச் சட்டைக்குப் பயந்து ஒருவரும் தொடாத நண்டுக்கறியை அவர் தனியாக முடித்துவிடுவார். கார் ஓட்டும் பரீட்சைக்கு எல்லோரும் அமைதியான ஊரைத் தேட, அவர் கூட்டம் இல்லையென்று ட்ராம் ஓடும் ஊரைத் தேர்ந்தெடுத்து, மூன்று தரம் கோட்டைவிட்டு நாலாம் தரம்தான் பாஸ் எடுத்தார். கேட்டால், “ஜாகுவாருக்கும் இரை தப்பும்” என்று ஒரே பதில்.

வேலையில் மட்டும் அவர் சுத்தமான ஆமைக்கட்சி. காலையில், எந்தச் சாமானை எடுப்பது என்று எழுதிய ஓடர் துண்டுகள் ஒரு தட்டில் கிடக்கும், முந்தியவருக்கு முதல் மரியாதை. ரிஷ்யூக் கடதாசி, சிப்ஸ் என்று பஞ்சுபோன்ற பெட்டிகளைத்தான் எல்லோரும் அள்ளுவார்கள். பிந்தி வந்தவன் தலையில் இருபது கிலோ நாய்ச்சாப்பாட்டு மூட்டைகள் விழும். ஜாகுவார் அரை மணி முந்தி வந்து நல்ல துண்டுகளைச் சட்டைப்பைக்குள் வைத்துவிடுவார். இரண்டு பஸ் மாறி வரும் எனக்கு எப்போதும் நாய்தான்.

மூட்டையோ பெட்டியோ, ஒரு மணித்தியாலத்தில் குறைந்தது எத்தனை எடுக்கவேண்டும் என்பதுதான் ரேட். இரண்டு கிழமை நான் ரேட்டுக்குக் கீழே. இந்த வெள்ளியும் விழுந்தால் திங்கள் வரத் தேவையில்லை என்று சூப்பவைசர் சிரித்த முகத்தோடு சொல்லியிருந்தார். தற்காலிக விசாக்காரனை அடுத்து யார் எடுப்பார்கள்? வியாழன் சாப்பாட்டு நேரம் முழுக்க ஜாகுவாரிடம் இதையே புலம்பினேன்.

வெள்ளி காலை ஓடி வந்தேன். தட்டில் வழக்கம்போல நாய். எடுக்கக் கை நீட்டினேன். ஜாகுவார் அதைப் பறித்துவிட்டுத் தன் ரிஷ்யூத் துண்டுகளை என் கையில் திணித்தார்.

“அண்ணை, உங்கடை ரேட் விழுந்திடும்!”

“விசரா, சனம் வந்து வரிசையை அடைக்க முதல் ஓடு!”

ஓடினேன். ஜாகுவார் இன்று விழப்போகிறார் என்று, மற்ற வரிசையில் எங்களோடு வேலை செய்யும் மதுரைக் கார்த்திக் பெட்டிக்குப் பெட்டி அறிவித்துக்கொண்டிருந்தான். “என்னங்க, ஜாகுவாரே நாய்கிட்ட மாட்டிக்கிச்சு!”

மாலை பட்டியல் வந்தது. நான் ரேட்டை ஒன்பது பெட்டியால் தாண்டியிருந்தேன். பட்டியலின் உச்சியில் ஜாகுவார்! வெயார்ஹவுஸில் ஒருவரும் தொடாத எண்ணிக்கை. சூப்பவைசர் இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார். கார்த்திக் விசிலடித்தான். நான் அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கினேன், அன்று நான் தூக்கிய ஒரே பாரம் அதுதான்.

“எப்பிடி அண்ணை?”

“ஐசே, மூண்டாவது மூட்டையிலை நாரி பிடிச்சு இடுப்பை நிமித்த ஏலாமல் போச்சு. அப்பதான் யோசிச்சனான். மூட்டை போடுற பலட் பலகையை லிஃப்டராலை மூட்டை இருக்கிற தட்டளவுக்கு உயர்த்தினால் மூட்டையைத் தூக்கத் தேவையில்லை, இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். எல்லா மூட்டையும் ஒரே இடம். இடைஞ்சலுக்கு ஒரு குஞ்சு குருமனும் இல்லை. நீங்கள் எல்லாரும் சிப்ஸுக்குக் கியூவிலை நிண்டியள்.”

திங்கள் காலை நாய்ச்சாப்பாட்டுத் துண்டுகளுக்கு அடிபிடி. கேட்பாரற்றுக் கிடந்த ரிஷ்யூத் துண்டுகளை ஜாகுவார் ஆறுதலாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனார். வெற்றி என்றால் அப்படி ஒரு வெற்றி!

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த வெள்ளி மாலை, அவர் கார்ச் சாவி எடுக்கப் பையைத் திறந்தபோது உள்ளே பார்த்தேன். மூடி உடைக்காத, நாரி நோவுக்குப் பூசுகிற எண்ணெய்ப் போத்தல் ஒன்று. கடை அட்டைகூடக் கழற்றாத, பாரம் தூக்குகிறவர்கள் கட்டும் இடுப்புப் பட்டி ஒன்று. காலையில் அவர் வெல்ல வரவில்லை, எனக்காகத் தோற்கத்தான் ஆயத்தமாக வந்திருந்தார்.