செஃப்பின் நேர்த்திக்கடன்

இரண்டாவது வளைவிலேயே குலேந்திரனுக்குச் சப்பாத்து கடிக்கத் தொடங்கிவிட்டது.

கடிக்காமல் என்ன செய்யும்? கலியாண வீட்டுக்குப் போடுகிற கறுப்புச் சப்பாத்து. அதற்குப் பொருத்தமாகக் கழுத்தில் ஒரு டை. இடப்பக்கம் டூ என்கிற ஆறு சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இக்கரை சுவிஸ், அக்கரை பிரான்ஸ், இரண்டு பக்கமும் ஒரே காடு. முன்னால் செஃப் றோஷாவும் அவருடைய மனைவியும் போனார்கள். செஃப் என்றால் சமையற்காரர் இல்லை, பிரெஞ்சில் வேலைத்தல மேலதிகாரி. பின்னால் உருத்திரமூர்த்தி அண்ணை மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்.

"அண்ணை, கால் எரியுது."

"பல்லைக் கடிச்சுக்கொண்டு நட. நாளைக்கு என்ன நாள் எண்டு தெரியுந்தானே?"

தெரியாமலா? பீல் நகரத்து மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் தற்காலிகமாக எடுத்த ஆறு பேரில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்கப்போகிறார்கள். யார் என்று செஃப் நாளைக்குச் சொல்வார். மற்ற ஐந்து பேருக்கும் திங்கட்கிழமையோடு சரி. எண்பத்தாறாம் ஆண்டில் அகதி முகாமில் வேலையில்லாமல் இருப்பதென்றால் இரும்புக் கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்ப்பதுதான். அந்தக் கூரை குலேந்திரனுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் செஃப் அவனை மட்டும் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆற்றோரம் நடக்கப் போவோம், சிநேகிதர் ஒருவரையும் கூட்டி வாருங்கள் என்று சொல்லியிருந்தார்.

எதற்காக நடப்பது? குலேந்திரனுக்கு அதுதான் விளங்கவில்லை. அவனும் தினமும் வேலைக்கு நடந்துதான் போகிறான். அதற்குக் காரணம் உண்டு. முதல் நாள் பிழையான பஸ்ஸில் ஏறி ஊருக்கு வெளியே ஒரு மாட்டுப் பண்ணையில் போய் இறங்கியவன், அதற்குப் பிறகு பஸ்ஸை நம்பவில்லை. வழியில் செஃப் காரை நிறுத்தி ஏறச் சொல்வார். மேலதிகாரிக்குப் பக்கத்தில் சரிசமமாக உட்காருவதாவது! ஒவ்வொரு நாளும் சிரித்துக் கும்பிட்டுவிட்டு முன்னிலும் விறுவிறுப்பாக நடப்பான். ஆனால் காரணமே இல்லாமல், ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாய், காட்டுக்குள் நடக்க ஒரு மனிதனுக்கு என்ன வந்தது?

உருத்திரமூர்த்தி இந்த நாட்டுக்கு வந்து மூன்று வருடம். உணவகச் சமையலறையில் பிரெஞ்சும் படித்தவர். அவருக்குச் சந்தேகமே இல்லை.

"நேர்த்திக்கடன்தான். சும்மா ஆரும் நடப்பினமோ? முடிவில கோயில் ஒண்டு இருக்கும்."

ஆகவே குலேந்திரன் விடியப்புறம் தலைக்குத் தண்ணீர் வார்த்துவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், பையில் ஒரு தேங்காயோடு வந்திருந்தான். வந்த இடத்தில் பார்த்ததெல்லாம் அண்ணையின் பக்கமே பேசியது. செஃப்பிடம் நல்ல கார் இருந்தும் ரயிலில்தான் வந்தார்கள். "விரதகாரன் வாகனம் ஓட்டமாட்டான்," என்றார் உருத்திரமூர்த்தி. எதிரே வந்தவர்கள் எல்லாம் கையில் தடியும் முதுகில் மூட்டையுமாக, முன்பின் தெரியாதவர்களுக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு போனார்கள்.

"கதிர்காமத்துக்கு நடக்கிற சனம் மாதிரியே இருக்கண்ணை!"

"அங்க பார், மரத்துக்கு மரம் மஞ்சள் பூசி வச்சிருக்கிறாங்கள். இதுக்கு மேலயும் சாட்சி வேணுமோ?"

மரங்களில் உண்மையாகவே மஞ்சள் அடையாளம் இருந்தது. குலேந்திரன் ஒரு மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அதற்குமேல் கால் தாங்கவில்லை. கோயிலுக்குப் போகிற பாதையில் சப்பாத்து எதற்கு? கழற்றிப் பைக்குள் வைத்தான். அப்பாடா என்றிருந்தது. செஃப் திரும்பிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ஏன், ஏன்?" என்று பதறினார்.

"எங்கள் வழக்கம். மிகவும் நல்லது," என்றார் உருத்திரமூர்த்தி, தெரிந்த பிரெஞ்சில்.

செஃப் தன் கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு கல்லில் உட்கார்ந்து அவரும் கழற்றத் தொடங்கினார். அவருடைய மனைவி வேகமாக ஏதோ சொன்னாள். அவர் கேட்கவில்லை. அந்தப் பெரிய சப்பாத்துகளின் அடியில் கடைக்காரன் ஒட்டிய வெள்ளைத் துண்டு இன்னும் அப்படியே இருந்ததைக் குலேந்திரன் கவனித்தான்.

"புதுசு, அண்ணை."

"கோயிலுக்குப் புதுசுதானே போடுவினம்."

வெறுங்காலோடு செஃப் நடந்த நடையைப் பார்க்கக் குலேந்திரனுக்குப் பாவமாக இருந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு முனகல். இவ்வளவு பக்தியா இந்த மனிதருக்கு என்று நெஞ்சு உருகியது.

ஆற்றோரம் ஒரு புல்வெளியில் மதாம் றோஷா துணியை விரித்துப் பாணும் பாலாடைக் கட்டியும் எடுத்து வைத்தாள். குலேந்திரனின் வயிறு கூவியது. ஆனாலும் கை நீட்டவில்லை.

"சாப்பிடுங்கள்," என்றாள்.

"பிறகு, மதாம். முதலில் கோயில்," என்றான் தட்டுத்தடுமாறி.

"கோயிலா?" செஃப் மனைவியைப் பார்த்தார். மனைவி வானத்தைப் பார்த்தாள். செஃப் அவசரமாக வரைபடத்தை எடுத்தார். பிரித்துப் பழக்கமில்லாததால் அது அவரைச் சுற்றிக்கொண்டது. ஒருவழியாக மலையில் ஓரிடத்தைத் தொட்டு, "இருக்கிறது! போகலாம்!" என்றார். வாயருகே போயிருந்த பாண் திரும்பவும் பைக்குள் போனது.

"பார்த்தியோ, நான் சொன்னனெல்லே?" என்றார் உருத்திரமூர்த்தி. அவர் மட்டும் வழியெல்லாம் சட்டைப்பையிலிருந்து பிஸ்கட் தின்றுகொண்டு வந்ததால் குரலில் தெம்பு இருந்தது.

ஏற்றம் செங்குத்தாக இருந்தது. பாதி வழியில் செஃப்பின் முகம் பீட்றூட் நிறத்துக்கு வந்துவிட்டது. அவர் களைத்து நின்றபோதெல்லாம் குலேந்திரன் மரியாதைக்காகச் சிரித்தான். சிரிப்பைக் கண்டதும் அவர் மறுபடி ஏறினார்.

உச்சியில் ஒரு சின்ன மாதா கோயில், பூட்டிக் கிடந்தது. குலேந்திரன் மனம் நிறைந்து, வாசலுக்கு வெளியே கிடந்த பாறையில் தேங்காயை ஓங்கி அடித்தான். வெடித்த சத்தத்தில் செஃப் துள்ளினார். துள்ளியவருடைய முழங்கால் மடிந்தது. அப்படியே புல்லில் உட்கார்ந்தவரால் எழும்ப முடியவில்லை.

"ஐயோ அண்ணை, என்ர வேலை போச்சு!"

"பதறாதை. நேர்த்தி முடிஞ்சுது, எல்லாம் சரிவரும்."

என்ன சரிவருவது? குலேந்திரன் ஒரு தோளும் உருத்திரமூர்த்தி ஒரு தோளுமாகக் கொடுத்து மனிதரைக் கீழே இறக்கினார்கள். இறங்கும் வழியெல்லாம் குலேந்திரனுக்கு முகாமின் கூரைதான் கண்ணுக்குள் நின்றது. வேலையைக் கேட்டுத் தேங்காய் உடைக்கப்போய், வேலை தருகிறவரின் காலை உடைத்தாயிற்று. அழுகை வந்தது.

கீழே பஸ் தரிப்பில் செஃப்பை உட்கார வைத்தார்கள். உருத்திரமூர்த்தி ஆற்றில் துணி நனைக்கப் போனார். மதாம் றோஷா குலேந்திரனை மெல்லத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனாள். இதோ வருகிறது என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"மதாம், மன்னிக்க வேண்டும். நாளைக்கு என்னை..."

"நாளைக்கா? வேலை உங்களுக்குத்தான் என்று போன கிழமையே முடிவாகிவிட்டதே," என்றாள் அவள், அவனுக்கு விளங்கும்படி ஒவ்வொரு சொல்லாக. "இவ்வளவு நல்ல வேலைக்காரர் வேறு தொழிற்சாலைக்குப் போய்விடக்கூடாது, காரைக்கூட வேண்டாம் என்கிற அளவுக்கு உங்களுக்கு நடக்கப் பிரியம் என்று சொல்லி, உங்களைச் சந்தோஷப்படுத்தத்தான் இவர் சப்பாத்தும் வரைபடமும் வாங்கினார், இனி ஞாயிற்றுக்கிழமைகளில் தயவுசெய்து நீங்கள் தனியாகவே நடந்து போங்கள், ஏனென்றால் கலியாணம் முடித்த நாள் முதல் இந்த மனிதர் கடிதம் போடத் தெருமுனைக்குப் போவதென்றாலும் காரில்தான் போவார்!"