நண்டும் முகச்சுளிப்பும்

விடிஞ்சால் சரவணைக் கோயிலில கொடியேற்றம். கொடி ஏறினால் தீர்த்தம் முடியுமட்டும் வீட்டில மீன், நண்டு எண்டு ஒரு மச்சமும் இல்லை. பரராசசிங்கம் மாஸ்ரரோ மீன் வாசம் இல்லாமல் சோத்தைத் தொடாத மனுசன். கடைசியா ஒருக்கால் தின்னாமல் விடுறதில்லை எண்டு பை நிறைய நண்டோட சந்தையால வந்தார்.

மனிசி சீதேவி குசினியைக் கழுவி, மச்சச் சட்டியளையும் மினுக்கிக் கவிட்டுப்போட்டுக் கிணத்தடியில நிண்டா. பையைக் கண்டா. முகம் சுளிச்சுது.

"இதென்ன சுளிப்பு?" பையைக் கீழ வைச்சார் மாஸ்ரர். காலமெல்லாம் தமிழ் படிப்பிச்சவர். விளக்கம் தொடங்கினால் கண்ணை மூடிவிடுவார். "சொல்லின்ர மூலத்தை யோசியும். கடல் சுழிக்குது, முகம் சுளிக்குது. என்னைக் கேட்டால் ரெண்டும் ஒரு வீட்டுப் பிள்ளையள். தண்ணி நேர ஓடாமல் சுத்தினால் சுழி. மனம் நேர ஓடாமல் சுத்தினால் சுளிப்பு..."

கடலை ஒரு சுத்துச் சுத்திவந்து கண்ணைத் திறந்தார். சீதேவி அதே இடத்தில நிண்டா.

"சொல் எங்கயிருந்து வந்ததோ தெரியாது. சுளிப்பு உங்கட பைக்குள்ளயிருந்து வந்தது. கழுவின குசினியில நண்டு ஏலாது."

"அப்ப பந்தயம்! மத்தியானத்துக்கு முன்னம் நீர் முகம் சுளிச்சால் நண்டு காய்ச்சவேணும். நான் சுளிச்சால், தீர்த்தம் முடியுமட்டும் தேங்காய் திருவுறது நான்."

"ஓம்."

பையைக் காணேல்லை. நிழலில வைச்சிருப்பா எண்டு நினைச்சார்.

சேத்துக்காலோட குசினிக்குள்ள நடந்தார். சீதேவி சிரிச்சா.

"உம்மட தமையன் பேசினால் ஆடு கத்துறமாதிரி."

"ஓமப்பா, சின்னனில இருந்தே அப்பிடித்தான்."

"என்ர அக்கான்ர கைப்பக்குவம் உமக்கு வராது."

"உண்மைதான். அவ கெட்டிக்காரி."

மாஸ்ரர் யோசிச்சார். இந்த மனிசிக்கு என்ன பிடிச்சுது?

அப்பதான் வேலிக்கு அங்கால இருந்து, முருங்கையிலை போட்ட நண்டுக்குழம்பு மணத்தது. மேரிஜோசப்பினின்ர வீடு. சேர்ச்சுக்குப் போற வேதக்காரருக்குக் கொடியும் இல்லை, தடையும் இல்லை. வேலிக்கு மேலால அவவின்ர தலை தெரிஞ்சுது.

"மாஸ்ரர், நண்டு நல்ல சதை! உங்களுக்குப் பெரிய மனசு!"

மாஸ்ரரின்ர புருவம், மூக்கு, வாய் எல்லாம் ஒரு இடத்துக்கு வந்து சேர்ந்துது.

சீதேவி தேங்காய்த் திருவலையை நீட்டினா.

"ஐயோ சீதேவி, எப்ப குடுத்தனீர்?"

"நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு மூலம் தேடினனீங்களெல்லோ, அப்பவே."