கேஸ்கெட்டுக்கு அப்பா யார்?

உலகத்தில் எதைக் காட்டினாலும் "இதுக்கு அப்பா யாரு?" என்று கேட்கிற மனிதர் ஒரே ஒருவர்தான். அவரோடு ஒரே கேண்டீனில் நாஷ்டா சாப்பிடும் பாக்கியத்தை முருகன் எனக்குக் கொடுத்தான். குடையைக் காட்டினால், "இது மழைக்குக் கீழ வருமா, வெயிலுக்குக் கீழ வருமா?" என்பார். பதில் சொல்லும்வரை குடையை விரிக்க விடமாட்டார். நாம் நனைந்துகொண்டே யோசிக்க வேண்டும்.

கம்பெனிக்குக் கம்பெனி வெப்சைட் வைக்க ஆரம்பித்த காலம் அது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், குழாய் வேலைக்கான சாமான்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் டிஸ்பேட்ச் பகுதியில் இருந்தேன். பத்தாவதோடு படிப்பு முடிந்தது. பெட்டிக்கு ஆணி அடித்து, "முருகா, பத்திரமாப் போய்ச் சேரணும்" என்று லாரியைத் தட்டி அனுப்புவது என் வேலை. எதிர்க் கம்பெனிக்காரர் வெப்சைட் போட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டதும் எங்கள் முதலாளிக்குச் சோறு இறங்கவில்லை. உடனே நான் சொன்ன அந்த மனிதரை வேலைக்குப் பிடித்துவந்து, கேண்டீனுக்குப் பின்னால் தங்க ஓர் அறை கொடுத்து, என் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரோடு உட்காரவைத்தார்.

வெப்சைட் செய்கிற சாப்ட்வேரில் ஒரு வழக்கம் உண்டாம். புதிதாக ஒரு பக்கம் சேர்த்தால், "இதற்குப் பேரன்ட் எது?" என்று ஒரு கட்டம் கேட்கும். வால்வு அப்பா என்றால் பித்தளை வால்வும் இரும்பு வால்வும் பிள்ளைகள். பித்தளையில் சின்ன சைஸ், பெரிய சைஸ் எல்லாம் பேரப்பிள்ளைகள். கட்டத்தைக் காலியாக விட்டாலும் பக்கம் இருக்கும். ஆனால் எந்த மெனுவிலும் வராமல், யாரும் போய்ச் சேர வழியில்லாமல் அந்தரத்தில் தொங்கும். மற்றவர்கள் அதை ஒரு கட்டமாக நினைத்து எதையாவது போட்டு நிரப்புவார்கள். இவர் அதைச் சத்தியப் பிரமாணமாக எடுத்துக்கொண்டார்.

"சார், வால்வு ஒரு வம்சம். பம்ப் ஒரு வம்சம். பம்ப் வாங்கறவன் வால்வும் வாங்குவான். அப்போ ரெண்டு வம்சத்துக்கும் நடுவுல சம்பந்தம் பேசணும்" என்றார் முதல் நாளே. அதாவது, பம்ப் பக்கத்தின் அடியில் வால்வு பக்கத்துக்கு ஒரு லிங்க் கொடுக்க வேண்டுமாம். அன்று மத்தியானமே அவருக்குச் 'சம்பந்தி' என்று பெயர் விழுந்துவிட்டது. முதலாளியே "சம்பந்தியக் கூப்பிடு" என்று கத்த ஆரம்பித்தார். ரப்பர் சப்ளை பண்ண வந்த ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, நிஜமாகவே முதலாளி வீட்டில் பெண் கொடுத்தவர் என்று நினைத்து, அடுத்த தடவை வரும்போது இவருக்கு ஒரு கூடை ஆப்பிள் கொண்டுவந்தார். சம்பந்தி அதை வாங்கிக்கொண்டு, "பழம், அதுக்குக் கீழ மலைப்பழம், அதுக்குக் கீழ ஆப்பிள்" என்று சொல்லிவிட்டுத்தான் கடித்தார்.

கம்ப்யூட்டரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கேண்டீன் நடத்திய காதர் பாய் பழவேற்காட்டுக்காரர். சாதுவான மனிதர். அவருடைய விலைப்பலகையைப் பார்த்ததும் சம்பந்திக்குத் தாங்கவில்லை.

"பாய், வடகறிய பூரிக்குப் பக்கத்துல போட்டுக்கினு இருக்கீங்க. அது யாரு? வடையோட புள்ள. நேத்து மீந்த வடைதான இன்னிக்கு வடகறி? அப்பன் அங்க, புள்ள இங்கயா?"

"மெதுவாப் பேசு நைனா. நேத்து வடைன்னு ஊருக்கே சொல்லுவியா?"

ஞாயிற்றுக்கிழமை பாய் ஊருக்குப் போயிருந்த சமயம் பார்த்து, சம்பந்தி பலகையை அழித்துப் புதிதாக எழுதிவிட்டார். திங்கட்கிழமை காலை ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் டீயைத் தேடினார்கள். பானங்கள், அதற்குள் சூடானவை, அதற்குள் பால் சேர்ந்தவை, அதற்குள் டீ, அதற்குள் சர்க்கரை இல்லாதது என்று கோணல்மாணலாகப் படிக்கட்டு மாதிரி இறங்கிக்கொண்டே போனது. லேத் மிஷின்காரர் ஒருவர் பால் சேர்ந்தவை வரைக்கும் இறங்கி, களைத்துப்போய் மோர் குடித்துவிட்டுப் போனார்.

"அல்லாவே, டீ குடிக்க வந்தவன்லாம் பஸ் ரூட் பாக்கற மாதிரி நிக்கறான். செம பேஜாரு!" என்று பாய் தலையில் கைவைத்துக்கொண்டார்.

இப்படி இருக்கும்போதுதான் விசாகப்பட்டினத்திலிருந்து ஒரு பெரிய பார்ட்டி வருவதாகத் தகவல் வந்தது. வருவதற்கு முன்னால் வெப்சைட்டைப் பார்ப்பார்களாம். முதலாளி சம்பந்தியைக் கூப்பிட்டார்.

"வர்ற புதன்கிழமை சைட் ஓடணும். ஓடலேன்னா நீ நடையக் கட்டு. ரூம் சாவிய பாய்கிட்ட குடுத்துட்டுப் போ."

எல்லாம் முடிந்திருந்தது, ஒன்றைத் தவிர. அதுதான் கேஸ்கெட். இரண்டு இரும்புக்கு நடுவே தண்ணீர் ஒழுகாமல் இருக்க வைக்கிற ரப்பர் வளையம். எங்கள் கம்பெனியில் வால்வு, பம்ப், கப்ளிங், ஃபில்டர், ஃபிளாஞ்ச், டேங்க் மூடி என்று ஆறு வகைச் சாமான். ஆறுக்கும் கேஸ்கெட் வேண்டும். சாப்ட்வேரோ, ஒரு பக்கத்துக்கு ஒரு அப்பாதான் என்று பிடிவாதமாக இருந்தது.

சம்பந்தி செக்‌ஷன் செக்‌ஷனாகப் போய்க் கேட்டார். வால்வு ஃபோர்மேன் முனுசாமி, "அந்த ரப்பரு எங்களுது இல்லப்பா, பம்ப்புக்காரனக் கேளு" என்றார். பம்ப் ஃபோர்மேன் வெங்கடேசு, "நாங்க ஏதோ வெச்சிக்கினு இருக்கோம், அவ்ளோதான்" என்றார். பெரிய பார்ட்டி அதிகம் வாங்கப்போவதே கேஸ்கெட்தான் என்று சேதி கசிந்ததும் கேண்டீனில் பஞ்சாயத்து கூடிவிட்டது.

"வால்வு இல்லாம கேஸ்கெட் ஏது? அது எங்க ஊட்டுப் புள்ள!" என்றார் முனுசாமி.

"நேத்து இன்னா சொன்ன? இன்னிக்கு டப்பு வாசன வந்ததும் புள்ளையா?" என்று எகிறினார் வெங்கடேசு.

காதர் பாய் நடுவில் டீ கொண்டுவந்து வைத்து, "ரெண்டு பேரும் குடிங்க. இது பால் சேர்ந்தவையிலேர்ந்து வந்தது" என்றார்.

எனக்குச் சம்பந்தியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "யோவ், ஏதோ ஒண்ணுல போட்டுட்டு வேலையக் காப்பாத்திக்க. இல்ல, அந்தக் கட்டத்தைக் காலியா வுட்டுட்டுப் போ" என்றேன்.

"காலியாவா?" என்று என்னை ஒரு கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "தொங்கும் சார். தேடி ஒருத்தரும் வர மாட்டாங்க."

"வேல போச்சுன்னா உன் ஊட்டுக்குப் போய்ச் சேருவியா, அதையாவது சொல்லு."

"எந்த ஊடு? கடம்பத்தூர் பக்கம் ஒரு ஹாஸ்டல்ல வளர்ந்தவன் சார் நான். கைக்குழந்தையா வாசப்படில கெடந்தேனாம். எனக்கு மேல பேஜே கெடையாது." இதைச் சொல்லிவிட்டு, கேஸ்கெட்டின் போட்டோ நேராக இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நான்தான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாய் தவறாமல் நானும் என் மனைவியும் சிறுவாபுரி முருகனைக் கும்பிடப் போவோம். சொந்த வீடு வேண்டும் என்று எல்லாரும் கேட்கிற சன்னிதி. ஒரு ரப்பர் வளையத்துக்கு வீடு கேட்டால் தரமாட்டானா என்று சம்பந்தியையும் அழைத்துப்போனேன். புதுவாயலில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றோம். ஆட்டோ வந்ததும், "டிரைவருக்குக் கீழ மொதல்ல யாரு ஒக்காரணும்?" என்று கேட்டு எல்லாரையும் ஏறவிடாமல் நிறுத்தி, ஒரு மீன்காரம்மாவிடம் கூடையால் இடி வாங்கினார்.

பிரகாரம் சுற்றும்போது பேச்சுவாக்கில் சொன்னேன்: "முருகனுக்கே பாரேன், சரவணப் பொய்கையில ஆறு கொழந்த. ஆறு கார்த்திகைப் பெண்களும் ஆளுக்கு ஒண்ணா எடுத்து வளத்தாங்க..."

சம்பந்தி அப்படியே நின்றார். "ஆறா?"

"ஆமா, ஆறு. அப்புறம் இன்னா ஆச்சுன்னா..."

ஆள் இல்லை. பாதிப் பிரகாரத்தில் ஓடிப்போய்விட்டார். அவருடைய செருப்பையும் நான்தான் வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

புதன்கிழமை காலை சைட் ஜோராக ஓடியது. கேஸ்கெட் பக்கத்தை ஆறு பிரதி எடுத்து, ஆறு அப்பாக்களுக்குக் கீழேயும் ஒவ்வொன்றைப் போட்டிருந்தார். முனுசாமிக்கு ஒரு கேஸ்கெட், வெங்கடேசுக்கு ஒரு கேஸ்கெட். இரண்டு பேரும் தோளில் கைபோட்டுக்கொண்டு டீ குடித்தார்கள். முதலாளி எல்லாருக்கும் லட்டு கொடுத்தார்.

லட்டு இனிப்பு நாக்கில் இருக்கும்போதே முதலாளி ஒரு திருத்தம் சொன்னார். புது ரப்பர் வந்திருக்கிறது. எண்பது டிகிரி சூடு தாங்கும் என்று இருப்பதை நூற்றிருபது என்று மாற்ற வேண்டும். சம்பந்தி உடனே மாற்றினார், வால்வு வீட்டுக் கேஸ்கெட்டில். மற்ற ஐந்தும் எண்பதிலேயே இருந்தன.

சாயங்காலம் விசாகப்பட்டினத்திலிருந்து போன். முதலாளி ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏமண்டி, உங்க கேஸ்கெட் வால்வுல நூத்தியிருபது தாங்குது, பம்ப்புல எண்பதுதான் தாங்குது. ஒரே கேஸ்கெட்டுக்கு எடத்துக்கு ஏத்த ஒடம்பா? நாளைக்கு நேர்ல வரோம். ஒழுங்கா இருந்தா ஆர்டரு, இல்லேன்னா காபி குடிச்சிட்டுக் கெளம்பறோம்."

முதலாளி போனை வைத்தார். சம்பந்தியிடம் சாவிக்காகக் கையை நீட்டினார். காதர் பாய்தான் ஓடிவந்து, "மொதலாளி, நாளைக்குக் காலைல வரைக்கும் அந்த ரூம்ல என் அரிசி மூட்ட இருக்கு, சாவி வேணும்" என்று ஒரு பொய்யைப் போட்டுக் காப்பாற்றினார்.

சம்பந்தி என் மேஜைக்கு வந்து தொப்பென்று உட்கார்ந்தார். "ஆறு அம்மாவுக்கு ஆறு கொழந்தன்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

"யோவ், கதைய முழுசாக் கேட்டியா நீ? பாதில செருப்புக்கூடப் போடாம ஓடினியே! அப்புறம் பார்வதி அம்மா வந்து ஆறு கொழந்தையையும் சேத்து அணைச்சாங்க. ஆறும் ஒண்ணாச்சு. புள்ள ஒண்ணுதான். ஆறு அம்மாவும் எங்கயும் போவல. இன்னிக்கும் அவன் பேரு கார்த்திகேயன்தான்."

சம்பந்தி துள்ளி எழுந்தார். "ஐயோ, ஒரே பேஜு! தனி ஊடு! ஆறு சம்பந்தம்!" என்று கத்திக்கொண்டு கம்ப்யூட்டர்மேல் பாய்ந்தார். 'உதிரி பாகங்கள்' என்று ஒரு புது வீடு கட்டி, கேஸ்கெட்டை அதில் குடிவைத்தார். ஐந்து பிரதிகளையும் அழித்தார். ஆறு குடும்பத்திலிருந்தும் அந்த ஒரு பக்கத்துக்கு வழி கொடுத்தார். இனி ஓரிடத்தில் திருத்தினால் போதும். ஆறு வாசல் வழியாகவும் அதே கேஸ்கெட்தான். ஒவ்வொரு வழியையும் அழுத்திப் பார்த்து, "அரோகரா" என்றார். நானும் சொன்னேன். மறுநாள் பார்ட்டி வந்து பார்த்தது, காபியும் குடித்தது, ஆர்டரும் கொடுத்தது. முதலாளி சாவியைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை.

அடுத்த மாதம் சிறுவாபுரியில் என் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். என் மனைவிக்குக் கூடப்பிறந்தவர் யாரும் இல்லை. சித்தப்பா மகன், பெரியப்பா மகன் என்று சொந்தக்காரர்கள் சண்டையை ஆரம்பித்தார்கள். சம்பந்தி ஓர் ஓரமாக நின்று அத்தனை பேரையும் யாருக்குக் கீழே யார் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

என் மனைவி நேராக அவரிடம் போனாள். "அண்ணா, நீங்க ஒக்காருங்க."

"நானா? எந்த முறைல?"

"மொற அப்பால பாத்துக்கலாம். கொழந்த அழுவுது, ஒக்காருங்க."

உட்கார்ந்தார். அர்ச்சனைக்காகக் குருக்கள், "மாமாவோட நட்சத்திரம்?" என்றார். சம்பந்தி தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குத் தெரியாது. சொல்லவும் யாரும் இல்லை.

"கார்த்திகை, சாமி" என்றாள் என் மனைவி.

"கார்த்திகைன்னா மேஷமா, ரிஷபமா? ரெண்டுலயும் வருமே."

சம்பந்தி பதறிப்போனார். "சாமி, ஒரு நட்சத்திரத்துக்கு ரெண்டு பேரன்ட்டா?"

"ரிஷபம்னு போடுங்க சாமி" என்றாள் அவள். "எனக்கும் ரிஷபந்தான்."

ஊசி குத்தியது குழந்தைக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டது சம்பந்தி.

மறுநாள் காலை கேண்டீனில், அதுவரை என்னை 'சார்' என்றே கூப்பிட்டவர், வடகறித் தட்டை என் பக்கம் தள்ளி, "மச்சான், சாப்டு" என்றார். அதற்கப்புறம் அவர் என்னை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டாலும் நான் திரும்பிப் பார்த்திருக்க மாட்டேன்.