கை சொன்ன வைத்தியம்

எல்லாம் சரியாக நினைவிருக்கிறதா என்று கேட்டால், சந்தேகம்தான். அன்று வெளியே பனி கொட்டியதா, காற்று மட்டும்தானா என்றுகூடச் சொல்ல முடியாது. கைகள் விழுந்தது மட்டும் நினைவிருக்கிறது. என் கையும் விழுந்தது.

சஸ்காட்சுவான் மாகாணத்துச் சமவெளியில், பனித்தரையில் கல் தள்ளி விளையாடும் எங்கள் கூடத்துக்குள் ஊரே அடைந்துகிடந்தது. கிளிஃபர்ட் ஸ்ட்ராங் என்ற மகான் வந்திருந்தார். நீங்கள் சாப்பிடும் மாத்திரையின் டப்பாவை நெஞ்சோடு வைத்துக்கொண்டு மறு கையை நீட்ட வேண்டும். அவர் இரண்டு விரலால் அழுத்துவார். கை இறங்கினால் அது விஷம். இறங்காவிட்டால் அமுதம். டாக்டர்கள் பாவம், வருடக்கணக்கில் படிக்கிறார்கள்.

அதிசயம் என்னவென்றால், அவர் விற்கும் மஞ்சள்பூச் சொட்டு மருந்துக்கு எந்தக் கையும் இறங்கியதில்லை.

எங்கள் ஊர் லோர்னாவுக்கு அக்கி வந்துபோன இடத்தில் போர்வை பட்டாலே எரியும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரை ஒன்று நரம்பு வலியையும் அடக்கும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தார். போன வாரம் மகான் வந்தபோது அதற்குக் கை விழுந்தது. வலிக்குப் பயந்து மாத்திரையை விடாமல், அன்றே சொட்டு மருந்தையும் சேர்த்துக்கொண்டாள். இப்போது கை நடுங்கியது, வியர்த்தது, நெஞ்சு படபடத்தது.

"விஷம் வெளியேறுதும்மா, சந்தோஷப்படு," என்றார் மகான்.

அவள் கணவன் வெண்டல் மூச்சிரைக்க ஓடிவந்தான். "மருந்துக்கடையில கேட்டேன். அந்த மாத்திரையும் இந்தச் சொட்டும் ஒண்ணா சேரவே கூடாதாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். எழுந்திரு."

"இரு, கையைக் கேட்டுட்டு வர்றேன்."

"கையையா? நேத்து வண்டிச் சாவியை எங்க வச்சேன்னே அதுக்குத் தெரியல!"

அவள் அசையவில்லை. வெண்டல் குனிந்து தன் பூட்ஸைக் கழற்றினான். மூக்கைப் பொத்திக்கொண்டு முன்வரிசை பின்வரிசையானது. கம்பளிக் காலுறைகளையும் உருவி, ஒன்றில் அவள் மாத்திரை டப்பாவையும் மற்றொன்றில் சொட்டுப் புட்டியையும் போட்டான். இரண்டையும் என்னிடம் கொடுத்தான். "பின்னாடி போய் எது எதுன்னு தெரியாம மாத்தி மாத்திக் கொண்டுவாடா. உனக்குத்தான் எதுவும் ஞாபகம் இருக்காதே."

அப்படியே செய்தேன். எது எதில் என்று நிஜமாகவே மறந்துபோனேன்.

முதல் காலுறை. மகான் அழுத்தினார். லோர்னாவின் கை பொத்தென்று விழுந்தது.

"பாத்தீங்களா! விஷம்! வாடையே சொல்லுது!"

"அது என் கால் வாடைங்க," என்றான் வெண்டல். காலுறையை உதறினான். மஞ்சள்பூச் சொட்டுப் புட்டி உருண்டோடியது.

வெண்டல் அவள் பக்கம் திரும்பினான்.

"ஏன் லோர்னா கையை விட்டே?"

"இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிட்டு வந்திருக்காரு," என்றாள் அவள், நடுங்கிக்கொண்டே. "கை விழலைன்னா மரியாதையா இருக்குமா?"

"அட, நானும் அதுக்குத்தான்," என்றது ஒரு குரல். "நானும்," என்றது இன்னொன்று. ஊர் மொத்தமும் தன் கையைப் பார்த்துக்கொண்டது.

லோர்னாவை அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சொட்டு மருந்தை நிறுத்தியதும் நடுக்கம் அடங்கியது. வலி மாத்திரையைத் தன்னிஷ்டத்துக்குத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார். இன்றும் அவர் சொன்னபடியே சாப்பிடுகிறாள். வெண்டல் இருமல் மருந்துக்குக்கூட மருந்துக்கடையில் கேட்டுவிட்டுத்தான் மூடியைத் திறக்கிறான். ஸ்ட்ராங் அடுத்த மாகாணத்தில் நாய்களின் பாதத்தை அழுத்திப் பார்க்கிறாராம். நாய்கள் மரியாதைக்காகக் காலை இறக்குவதில்லை, தொழில் மந்தம்.

நாங்கள் இங்கேயேதான் இருக்கிறோம். விருந்தாளி மனம் கோணாமல் கையை இறக்கிக்கொள்ளலாம். கூடவே மூளையையும் ஏன் இறக்கிவைத்தோம்?