காலை நிலைப்பாடும் மாலை நிலைப்பாடும்

பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே முழக்கம் முடிவெடுத்துவிட்டார். மகளின் நுழைவுத் தேர்வு மதிப்பெண் கல்லூரிக்குப் போயே தீர வேண்டும். அதற்கு ஒரே வழி, போகவே கூடாது என்று கத்துவது.

அவர் மனைவியை அறியாதவர்களுக்கு இது விளங்காது. சுவருக்குப் பச்சை வேண்டுமென்றால் முழக்கம் மஞ்சள் என்பார். மனைவி மறுப்பாள். பச்சை வந்துவிடும். கட்டிலை ஜன்னலோரம் போட ஆசையென்றால், ஜன்னல் பக்கமே கூடாது என்று மேசையைத் தட்டுவார். மாலைக்குள் கட்டில் ஜன்னலோரம் கிடக்கும். கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்த ரகசியம். உலகில் அவர் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும்.

பேருந்துப் பணிமனையில் சங்கத் தலைவராக இருந்தபோது கிடைத்த பெயர் முழக்கம். ஒலிபெருக்கி படுத்துவிட்டாலும் அவர் கூட்டம் நின்றதில்லை. அந்த நுழைவுத் தேர்வுக்கு எதிராக அவர் ஏறாத மேடை இல்லை, அச்சடிக்காத துண்டறிக்கை இல்லை. வருடக்கணக்கில் படித்த பிள்ளையை ஒரே காலையில் எடைபோட்டுத் தள்ளுகிற தராசு அது. பயிற்சி மையத்துக்குக் கொட்டிக் கொடுத்தவன் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் முள் கொஞ்சம் கூடுதலாகச் சாயும். அன்று அவர் சொன்னது உண்மை. இன்றும் உண்மை. ஆனால் மகள் அதே தேர்வை எழுதி, எந்த மையத்தின் படியும் ஏறாமல், நூற்றுக்கு எழுபத்தெட்டு வாங்கிவிட்டாள்.

கொள்கை நெஞ்சில் அப்படியேதான் இருந்தது. எழுபத்தெட்டும் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது.

மதிப்பெண்ணை அனுப்பலாம், அனுப்பாமலும் விடலாம், அது உங்கள் விருப்பம் என்று கல்லூரிகள் அந்த வருடம் அறிவித்திருந்தன. மகள் இரண்டு கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறாள். ஒன்று நகரின் நடுவே நிற்கும் பெரிய கல்லூரி. கோட்டைக்குள் நுழைவதுகூட அதைவிடச் சுலபம். மற்றது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சின்னக் கல்லூரி. இன்று இரவோடு கெடு முடிகிறது.

"அனுப்பு" என்று அவர் வாயால் சொன்னால் தோழர்கள் சும்மா விடுவார்களா? மனைவி சொல்லட்டும். பெரும்பான்மைக்குக் கட்டுப்பட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

சமையலறை வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் மடிக்கணினியோடு மேசையில் இருந்தாள்.

"அந்த மார்க்கை அனுப்பக் கூடாது! என் பொண்ணு ஒரு எண் இல்ல! வீட்டுல குழாய் ரிப்பேர் பண்ணா, தெருப் பிள்ளைங்களுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தா, தப்புன்னு பட்டா ஹெட்மாஸ்டரையே நிக்க வச்சுக் கேள்வி கேட்டா. இதுக்கெல்லாம் அந்தப் பரீட்சையில எங்கய்யா கட்டம் இருக்கு?"

மகளின் விரல்கள் தடதடவென்று ஓடின. கோபத்தில் யாருக்கோ எழுதுகிறாள் போல என்று நினைத்துக்கொண்டார்.

மனைவி கண்ணைத் துடைத்தாள். "சரிங்க."

"என்ன சரி?"

"நீங்க சொல்றதுதான் சரி. அனுப்ப வேணாம்."

முழக்கத்துக்குத் தலை சுற்றியது. "ஏய், நல்லா யோசிச்சுச் சொல்லு."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? இத்தனை வருஷமா நீங்க பேசினது இன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது."

எதிர்க்கட்சி திடீரென்று ஆதரவு தெரிவித்தால் ஆட்சி எப்படித் தள்ளாடுமோ, அப்படித் தள்ளாடி வெளியே போனார். கால்கள் சலூனில் கொண்டுபோய் விட்டன. எழுபத்தெட்டைச் சலூன்காரரிடம் மட்டும் ரகசியமாகச் சொல்வதாக இருந்தார். நல்லவேளை, இன்னும் சொல்லவில்லை.

"அண்ணே, பொண்ணு மார்க்கை அனுப்பியாச்சா?"

"இல்ல. கொள்கை முடிவு."

சலூன்காரர் கத்தரியை நிறுத்தினார். குரலையும் தாழ்த்தினார். "ரொம்பக் கம்மியோ?"

பாதித் தலை வெட்டியும் வெட்டாமலும் எழுந்து வந்துவிட்டார் முழக்கம்.

"அனுப்பணும்!" வாசலிலிருந்தே குரல் வந்தது. "மறைச்சா கம்மின்னுதானே நினைப்பானுங்க? கோச்சிங் கிடையாது, கைடு கிடையாது. சமையல்கட்டு மேசையில உக்காந்து படிச்சு வாங்கின எழுபத்தெட்டு! அவனுங்க தராசுலயே ஏறி நின்னு அவனுங்களையே அசர வச்சவ என் பொண்ணு!"

மகளின் விரல்கள் மறுபடியும் தடதட.

"காலையில வேற மாதிரி சொன்னீங்களே?" என்றாள் மனைவி.

"அது காலை நிலைப்பாடு."

"இது?"

"வளர்ச்சியடைந்த நிலைப்பாடு."

"தலையும் பாதி வளர்ந்துதான் இருக்கு. சரிங்க, அனுப்பிடலாம்."

எதிர்ப்பே இல்லாத வெற்றி! முழக்கம் அன்று குறட்டையைக்கூட மேடைக் குரலில் விட்டார்.

சில வாரங்களில் பதில் வந்தது. இரண்டு கல்லூரியிலும் இடம்! முழக்கம் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார். "மார்க்கை அனுப்பச் சொன்னது நான்தான்" என்று சலூனில் நின்று இரண்டு தடவை அறிவித்தார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் மூன்றாவது தடவை அறிவித்தார்.

"பெரிய காலேஜுக்கு அனுப்பலைங்க" என்றாள் அவள்.

"என்னது?"

"அங்க சேர்ந்தவங்கள்ல முக்கால்வாசிப் பேர் எழுபத்தெட்டுக்கு மேல. சின்ன காலேஜ்ல எழுபதைத் தாண்டினவங்களே கொஞ்சம்தான். ரெண்டு காலேஜும் அவங்க வெப்சைட்லயே போட்டிருக்காங்க. ஒரே மார்க்தான், அங்க குட்டை, இங்க நெட்டை. குட்டையா தெரியிற இடத்துல எதுக்குங்க நிக்க வைக்கணும்?"

மகள் சிரித்தாள். "ஏன் அனுப்பலைன்னு பெரிய காலேஜ்ல காரணம் கேட்டிருந்தாங்கப்பா. நீங்க காலையில பேசினதை அப்படியே போட்டேன். இந்த மார்க் உன்னைப் பத்தி என்ன சொல்லுதுன்னு சின்ன காலேஜ்ல கேட்டிருந்தாங்க. அதுக்குச் சாயங்காலம் பேசினது. 'அவனுங்க'ளை மட்டும் 'அவர்கள்' ஆக்கிட்டேன்."

முழக்கம் நாற்காலியில் உட்கார்ந்தார். யோசித்தார். இரண்டு கோட்டையையும் தன் பேச்சு உடைத்திருக்கிறது! மெல்ல நெஞ்சு நிமிர்ந்தது.

"சரி, எந்தக் காலேஜ்ல சேர்க்கலாம்? நீங்களே சொல்லுங்க" என்றாள் மனைவி.

அவர் மனமெல்லாம் பெரிய கல்லூரி. ஆகவே எழுந்து நின்று மேசையைத் தட்டினார். "சின்ன காலேஜ்தான்! பெரிய காலேஜ் பேச்சையே எடுக்கக் கூடாது!"

"தெரியும். அதனாலதான் பதில் வந்த உடனேயே பெரிய காலேஜுக்குச் சம்மதம் சொல்லிட்டோம்."

முழக்கம் சுவரைத் திரும்பிப் பார்த்தார். "அப்போ... பச்சைச் சுவரு?"

"மஞ்சள்னு நீங்க கத்தினப்பவே தெரியும்."

"கட்டிலு?"

"அதுவும்தான்."

"அப்போ அன்னைக்கு மட்டும் ஏன் சரின்னு சொன்னே?"

"மறுத்திருந்தா ஒரு பேச்சோட நிறுத்தியிருப்பீங்க. அன்னைக்கு எனக்கு ரெண்டு பேச்சு வேண்டியிருந்துச்சு."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. முன்மொழிந்தவருக்குத்தான் கடைசியாகத் தகவல் வந்தது.