அஞ்சாம் நம்பர் பிளாப்பி

சந்தனம் பிளாப்பிக்குள் இறங்கிவிட்டது.

ராசாங்கம் அதைக் குழல்விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மெட்ராஸ் தலைமை ஆபீஸிலிருந்து காலையில்தான் வந்தது. கம்ப்யூட்டரை எழுப்பி ஓட வைக்கும் சிஸ்டம், புதுசு, அஞ்சாம் நம்பர். அரியலூர் சிமெண்ட் ஆலைக்கு வந்தது அந்த ஒன்றுதான்.

புதுச் சாமான் எதையும் பூசை போடாமல் தொடவிட மாட்டார் மேனேஜர் அய்யம்பெருமாள். கற்பூரம் காட்டினார். பிளாப்பி உறையில் நீள்வட்டமாக ஓர் இடம் திறந்திருந்தது. பொட்டு வைக்க வாகாக இருந்தது.

"சார், அந்த எடத்துல கை படக்கூடாது..."

"கை எங்கப்பா பட்டுது? சந்தனம்தான பட்டுச்சு."

"எதுக்கு சார் புதுசு? நாலாம் நம்பர் ஒரு நாள்கூட மக்கர் பண்ணல. ஓடுற வண்டிக்கு அச்சாணிய எதுக்குக் கழட்டணும்?"

"பழசையே கட்டிக்கிட்டு அழு. திங்கக்கெழம மெட்ராஸ்லேர்ந்து இன்ஜினியர் வர்றாரு. அஞ்சு ஓடலேன்னா நீ திரும்ப மூட்டை கட்டப் போயிடு."

ராசாங்கம் மூட்டை கட்டும் பிரிவிலிருந்து ஏறி வந்தவன். அங்கே இழுத்த தூசிக்கு இன்னும் இருமுகிறான்.

ஈரப் பஞ்சால் துடைத்தான். சந்தனம் கரைந்து இன்னும் உள்ளே போனது.

"வெயில்ல வைங்கண்ணே, காஞ்சா உதுந்துடும்" என்றாள் டைப்பிஸ்ட் சம்பூர்ணம்.

அரியலூர் சித்திரை வெயில். பிளாப்பி அப்பளமாக நெளிந்தது.

வெளியே ஹாரன் அலறியது. கம்ப்யூட்டர் சீட்டு இல்லாமல் லோடு லாரி வாசலைத் தாண்டக்கூடாது. வரிசை ரயில்வே கேட் வரை போயிருந்தது. ராசாங்கம் கதவைச் சாத்தினான். பழைய நாலாம் நம்பரையே போட்டான். திரையில் முதலில் வரும் வரியில் மட்டும் நாலை அஞ்சாக்கினான்.

லாரிகள் நகர்ந்தன.

"பாத்தியா! என்னா வேகம்!" என்றார் மேனேஜர். "பழசு இப்படியா அடிச்சுது?"

"எழுத்துகூட பளிச்சுன்னு விழுது சார்" என்றாள் சம்பூர்ணம், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

மேனேஜர் ஒரு சீட்டைக் கிழித்துப் பார்த்தார். "புதுசுல டிரைவர் பேரும் சேந்து விழும்னு மெட்ராஸ்காரன் சொன்னானே, எங்க?"

"நாளையிலேர்ந்து விழும் சார்."

மறுநாளிலிருந்து ஒவ்வொரு சீட்டையும் ராசாங்கம் கிழித்துக் கொடுக்க, சம்பூர்ணம் டைப்ரைட்டரில் செருகிப் பெயரை அடித்தாள். டிரைவர்களுக்கு ஒரே பெருமை.

"கம்ப்யூட்டர் சார், பேருக்கு முன்னால ஒரு திரு போடச் சொல்லுங்க" என்றான் டிரைவர் சாமிதுரை. "நம்ம கிளீனர் பேரையும் சேத்துக்கச் சொல்லுங்க. பாவம், மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டிருக்கான்."

சாமிதுரைக்குப் போட்டதும் எல்லோரும் கேட்டார்கள். வரிசை மறுபடி ரயில்வே கேட்டை எட்டியது.

"விரல் வீங்கிப்போச்சுண்ணே. உண்மையச் சொல்லித் தொலைங்க."

"சொன்னா மூட்டைதான் தாயி."

அதற்குள் மேனேஜர் மெட்ராஸுக்கு டிரங்கால் போட்டுவிட்டார். "நம்ம ஊர்ல அஞ்சு பிச்சு உதறுது சார்!" "நிஜமாவே ஓடுதா?" என்று மறுமுனை இரண்டு தடவை கேட்டது. பிறகு, திங்கள்வரை காத்திருக்க முடியாது, இன்ஜினியர் நாளைக்கே வருகிறார் என்றது.

இன்ஜினியர் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். சவரம் இல்லை, சட்டை கசங்கியிருந்தது. மேனேஜரைக் காபி சொல்ல அனுப்பிவிட்டுக் கதவைத் தாழிட்டார். ஒரு சீட்டை எடுத்துக் கண்ணருகே பிடித்தார்.

"பேரு மட்டும் டைப்ரைட்டர் எழுத்தா இருக்கே?"

ராசாங்கத்துக்கு இருமல் வந்தது.

"சார்... புள்ளகுட்டிக்காரன் சார். இது அஞ்சு இல்ல. பழைய நாலுதான் ஓடுது. நம்பர மட்டும் மாத்துனேன்."

இன்ஜினியர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பிறகு ராசாங்கத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நல்லா இருப்பீங்க! அஞ்சு போட்ட ஊர்ல எல்லாம் லாரி அப்படியே நிக்குது. நாலை ஒரு இடம் விடாம அழிக்கச் சொல்லி நாங்களே உத்தரவு போட்டுட்டோம். எவனாவது ஒருத்தன் எங்களை ஏமாத்தியிருக்க மாட்டானான்னுதான் ஊர் ஊரா வேண்டிக்கிட்டு வர்றேன்."